கூடி வாசிப்போரின் சுதந்திரம்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

மனிதன் சுதந்திரமானவனா என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. இருவர் ஒரே நேரத்தில் சுதந்திரமாக இருத்தல் கூடுமா என்னும் வினா அதனினும் கடினமானது. ஆளரவமற்ற காட்டில் தனித்து நிற்பவனுடைய சுதந்திரத்துக்கு விளக்கம் எதுவும் வேண்டியதில்லை. இரண்டாமவன் அங்கு வந்துசேர்ந்த கணத்திலேயே சிக்கல் தோன்றிவிடுகின்றது. ஒருவன் பேசும்பொழுது மற்றவன் என்ன செய்வது? எவன் முதலில் தொடங்குவது? எப்பொழுது நிறுத்துவது? இவ்வினாக்களுக்கு மனித சமுதாயம் பொதுவாக மூன்று விடைகளைக் கண்டிருக்கின்றது. வல்லவன் பேச ஏனையோர் அடங்கியிருப்பது ஒன்று. சட்டமோ சடங்கோ யாவற்றையும் முன்கூட்டியே வகுத்துவிட, எல்லோரும் ஒப்புவிப்பது மற்றொன்று. அனைவரும் ஒருங்கே பேசி எவரும் எதனையும் கேளாதொழிவது மூன்றாவது.

நான்காவது விடையொன்றும் உண்டு. அதனை மெய்யியல் நூல்களைக் காட்டிலும் ஒருவகை இசையரங்கிலே தெளிவாகக் காணலாம் என்பது இக்கட்டுரையின் கருத்து. சிறிய தந்திக்குழுவொன்று, எழுதிய ஏடின்றி, நடத்துநரின்றி, ஒலிபெருக்கும் மின்கருவிகளின் துணையின்றிக் கூடியிருந்து இசையை ஆக்கிக்கொள்ளும் அரங்கே அது. இத்தகைய குழுவில் ஒருவரது சுதந்திரம் மற்றவரை எவ்வாறு தொடுகின்றது, அதன் எல்லை யாது, அது தவறும் இடம் எது என்பனவற்றை ஆராய்வதே இங்கு நோக்கமாகும்.

1

முதலில் சொற்களின் பொருளை வரையறுத்துக்கொள்ளுதல் நலம். மனனஞ் செய்ததை ஒப்புவிக்காது, வாசிக்கும் கணத்திலேயே இசையைப் படைத்தலைக் கருநாடக இசைமரபு மனோதர்மம் என்று வழங்கும். ஆலாபனை, தானம், நிரவல், கற்பனாசுரம் என்பன அதன் வகைகள். ஜாஸ் இசைக்கும் மனோதர்மமே உயிர். அடிமைத்தளையினின்று சட்டப்படி விடுவிக்கப்பட்டும் சமத்துவம் மறுக்கப்பட்டிருந்த அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உருவாகிய இசை அது. சுதந்திரம் மறுக்கப்பட்டவர்களே சுதந்திரத்தை அடிப்படையாகக் கொண்ட இசையொன்றை உலகுக்கு அளித்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அறை இசை என்பது ஐரோப்பிய மரபு தந்த பெயர். பெருங்குழுவில் இருபது வயலின்கள் ஒரே வரியை வாசிக்கும். அவற்றுள் ஒன்று ஓய்ந்தால் கேட்போர் அறியார். அறை இசையிலோ ஒவ்வொரு குரலுக்கும் ஒருவரே உளர். அவர் ஓய்ந்தால் அக்குரல் இல்லாதொழியும். முன்னின்று கையசைக்கும் நடத்துநரும் இல்லை. கண்ணாலும் மூச்சாலும் ஒருவரையொருவர் அறிந்தே தொடங்கவும் முடிக்கவும் வேண்டும். ஆகவே அங்கு கட்டளையிடுவோரும் இல்லை, ஒருவருக்கு மாற்றாக இன்னொருவரும் இல்லை. ஒழுக்கவியலாளர் கற்பனையில் மட்டும் காணும் சமுதாயமொன்று நான்கைந்து நாற்காலிகளில் அமர்ந்திருப்பதைப் போன்றது அது.

மனோதர்மத்தையும் அறை இசையின் அமைப்பையும் இணைத்த ஜாஸ் குழுக்கள் பல உள. 1985 இல் சான் பிரான்சிஸ்கோவில் டேவிட் பாலகிருஷ்ணன் என்னும் வயலின் கலைஞர் தோற்றுவித்த டர்ட்டில் ஐலண்ட் நால்வர் குழு அவற்றுள் ஒன்று. இரு வயலின்கள், ஒரு வியோலா, ஒரு செலோ ஆகிய இந்நான்கினுள்ளே தாளக்கருவி எதுவும் இல்லை. ஆதலால் ஒருவர் தனித்து வாசிக்கும்பொழுது மற்றொருவர் வில்லின் அடிப்பகுதியால் தந்தியை வெட்டினாற்போல் அடித்துத் தாளமளிப்பார். இனிய நாதம் எழுப்பவல்ல கருவியைக் கொண்டே, இன்னொருவருக்காக, நாதமற்ற ஓசையை எழுப்புதல்! இசை நுட்பம் என்று மட்டும் இதனைக் கருதிக் கடந்துவிடலாம். சற்று நின்று நோக்கின், ஒழுக்கவியலின் அடிப்படை வினாவொன்று இதனுள் இருத்தல் புலனாகும். ஒருவருடைய சுதந்திரத்தின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதே அவ்வினா.

2

இவ்வினாவை ஐரோப்பாவின் புகழ்பெற்ற தந்திக்குழுவொன்றின் வரலாறு கூர்மையாக எழுப்புகின்றது. 1934 இல் பாரிஸ் நகரின் கிளாரிட்ஜ் ஹொட்டேலில் நடன இசை வாசித்துவந்தோருள் சிலர், இடைவேளைகளில் திரைக்குப் பின்னால் தம் விருப்பத்துக்கு வாசிக்கத் தலைப்பட்டனர். ஜங்கோ ரைன்ஹார்ட் கிற்றாரும் ஸ்ரெபான் கிரப்பெலி வயலினும் வாசித்தனர். 1928 இல் வண்டியில் மூண்ட தீயினால் இடக்கையின் இரு விரல்கள் ஊனமுற்று, எஞ்சிய விரல்களைக் கொண்டே புதிய வாசிப்புமுறையொன்றை உருவாக்கியவர் ரைன்ஹார்ட். அவர் ரோமா என்னும் நாடோடி இனத்தவர். அவர்களது குழுவில் முரசமோ ஊதுகருவியோ இல்லை. வயலின் ஒன்று, கிற்றார் மூன்று, பேஸ் எனப்படும் பெருந்தந்திக்கருவி ஒன்று என யாவும் தந்திகளே.

மூன்றாவது கிற்றார் சேர்ந்த வரலாறு சுவையானது. கிரப்பெலி தனித்து வாசிக்கும்பொழுது அவருக்குப் பின்னால் இரண்டு கிற்றார்கள் தாளங்கொடுத்தன. ரைன்ஹார்ட் தனித்து வாசிக்கும் முறை வந்தபொழுதோ எஞ்சியது ஒன்றே. இக்குறையை ரைன்ஹார்ட் எடுத்துரைத்தார் என்றும், அதன் பின்னரே அவருடைய தம்பி யோசெப் குழுவில் இணைந்தார் என்றும் கிரப்பெலி நினைவுகூர்ந்திருக்கின்றார்.

இச்சிறு நிகழ்ச்சியில் இரு உண்மைகள் உள. முதலாவது, சுதந்திரத்துக்குத் தாங்குவோர் வேண்டும் என்பது. 1958 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் ஐசாயா பேர்ளின் நிகழ்த்திய புகழ்பெற்ற உரை, பிறர் தலையீடின்றி இருத்தல், தன்னைத் தானே ஆளுதல் எனச் சுதந்திரத்தின் இரு கருத்துக்களைப் பிரித்துக்காட்டிற்று. ரைன்ஹார்ட் வேண்டியதோ இவ்விரண்டுள்ளும் எளிதில் அடங்காதது. தன்னைத் தனியே விடுமாறு அவர் கேட்கவில்லை. தன்னுடன் இன்னும் ஒருவர் இருக்க வேண்டும் என்றே கேட்டார். தாங்குவோர் உறுதியாக நின்றாலன்றித் தாவுபவன் தாவ இயலாது. பின்னணித் தாளம் உறுதியாக உள்ளபோதே தனி வாசிப்பவன் அதனை விட்டு விலகி அலைந்து, மீண்டும் அதனிடம் வந்துசேர முடியும்.

இரண்டாவது உண்மை கசப்பானது. யோசெப்பும் ரொஜர் சப்பூ என்னும் மற்றைய கிற்றார் கலைஞரும் இரவு முழுவதும் தாளமே கொடுத்தனர். ரைன்ஹார்ட்டின் குறை தீர்ந்தது. அவர்களுடைய முறை எப்பொழுது வந்தது? மனிதனை எக்காலத்தும் கருவியாக மாத்திரம் கொள்ளலாகாது, அவனைத் தன்னளவில் நோக்கமாகவும் கொள்ள வேண்டும் என்பது இமானுவேல் கான்ற் வகுத்த நெறி. இந்நெறியால் அளந்தால் அக்குழுவின் அழகிய இசையிலும் ஒரு குறை தென்படவே செய்யும்.

உடன் வாசிப்பவன் வெறுங்கருவியாகிவிட்டானா அல்லது பங்காளியாக இருக்கின்றானா என்பதைத் தீர்மானிக்க மூன்று அளவுகோல்களைக் கூறலாம். அவன் அப்பணியைத் தானே ஏற்றானா என்பது ஒன்று. அவனுடைய வாசிப்பின் மாற்றம் முன்னிற்பவனுடைய வாசிப்பை மாற்றுகின்றதா, அதாவது அவன் கேட்பதுபோல அவனும் கேட்கப்படுகின்றானா என்பது மற்றொன்று. அவனுக்கும் ஒரு முறை வருமா என்பது மூன்றாவது. இம்மூன்றும் உள்ள இடத்தில் உடன் வாசித்தல் ஈகையாகும். மூன்றும் இல்லாவிடத்து அது அடிமைத்தனமே. பெரும்பாலான மனித உறவுகளைப்போல, பாரிஸ் குழுவும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் நின்றது.

1939 இல் போர் மூண்டபொழுது குழு இலண்டனில் இருந்தது. கிரப்பெலி அங்கேயே தங்கிவிட்டார். ரைன்ஹார்ட் பிரான்சுக்குத் திரும்பினார். ரோமா மக்களை இலட்சக்கணக்கில் கொன்றொழித்த நாஜி ஆட்சியின் நிழலில் அவர் உயிர்பிழைத்தார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பிரிந்திருந்த இருவரும் 1946 இல் இலண்டனில் மீண்டும் கூடி ஒலிப்பதிவு செய்தனர். அவ்வொலிப்பதிவுகளுள் பிரெஞ்சுத் தேசியகீதத்தைத் தழுவிய வாசிப்பொன்றும் உண்டு. இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றி ஒருவருக்கொருவர் எதனைச் சொல்ல முடிந்திருக்கும்? கூடி வாசித்தல் இயன்றது.

3

நம் நாட்டோடும் இவ்விசைக்கு நெருங்கிய தொடர்பொன்று உண்டு. வயலின் வித்துவான் வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்திலே இசைப் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய மைந்தர்களான எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் தம் இளமையின் முற்பகுதியை யாழ்ப்பாணத்திலேயே கழித்தனர். 1958 ஆம் ஆண்டின் இனவன்செயல்களை அடுத்து அக்குடும்பம் இந்தியாவுக்குப் பெயர்ந்தது. ஒக்ஸ்போட்டில் சுதந்திரத்தின் இலக்கணம் பேசப்பட்ட அதே ஆண்டில், இத்தீவில் வயலின் பயின்ற சிறுவர் இருவர் தம் ஊரை இழந்தனர்.

அவ்விருவரும் பிற்காலத்தில் கூடி வாசித்தலையே தம் கலையின் பெரும்பகுதியாக்கிக்கொண்டனர். சுப்பிரமணியம் 1984 இல் அதே கிரப்பெலியோடு இணைந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். சங்கர் அதற்கு முன்னரே, 1975 இல், ஆங்கிலேயக் கிற்றார் கலைஞர் ஜோன் மக்லாலின், தபேலா மேதை சாகிர் உசைன், கடம் வித்துவான் விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி என்னும் குழுவை அமைத்தார். முதல் இசைத்தட்டில் ஆர். இராகவன் மிருதங்கம் வாசித்தார். 1975 யூலையில் அமெரிக்கக் கல்லூரியொன்றில் நிகழ்ந்த கச்சேரியே அவ்விசைத்தட்டாயிற்று.

அதற்கு முன்னைய ஆண்டுகளில் மக்லாலின் மின்கிற்றாரின் பேரொலியால் உலகப்புகழ் பெற்றிருந்தார். அப்புகழின் உச்சியில் அவ்வொலியை ஒதுக்கிவைத்துவிட்டு, மின்சாரமற்ற கிற்றாருடன் நிலத்தில் அமர்ந்தார். அவ்வளவில் அவர் அமைதியுறவில்லை. ஐரோப்பியக் கிற்றாரின் மெட்டுக்கள் சுரங்களைத் தனித்தனியே நிறுத்துவன. சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்தோடும் கமகத்துக்கு அவை இடங்கொடா. எனவே மெட்டுக்களுக்கு இடைப்பட்ட மரத்தைக் குடைந்தெடுத்து, தந்தியை வளைத்து இழுக்கக்கூடிய கிற்றாரொன்றைச் செய்வித்தார். அதன் குறுக்கே சாய்வாக ஏழு அனுசுரத் தந்திகளும் பூட்டப்பட்டன. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணையும் பயின்றிருந்தார்.

பிறனோடு உரையாட விரும்புபவன் தன் கருவியைக் குடைய வேண்டியிருக்கின்றது என்பதே இதனால் நாம் பெறும் பாடம். 'உன்னைக் கேட்கின்றேன்' என்று கூறுவது எளிது. கேட்டதன் விளைவாகத் தன்னிடத்தே ஒரு மாற்றம் நிகழ இடங்கொடுப்பதே உண்மையான கேட்டல். இதுவும் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடமிருந்து வயலினைக் கற்றுக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தார். நின்றவாறு தோளில் தாங்கி வாசிக்கப்பட்ட அக்கருவி, நம் வித்துவான்களிடம் நிலத்தில் அமர்ந்து, வலக்காலில் தலைசாய்த்து, சுருதி மாற்றிக்கட்டப்பெற்றுப் பிறிதொரு குரலாயிற்று. சக்தியின் அரங்கில் சங்கரும் மக்லாலினும் எதிரெதிரே அமர்ந்தபொழுது, இரு திசையிலும் நிகழ்ந்த இத்தகைய மாற்றங்களே சந்தித்தன.

முறை பற்றிய வினாவுக்கும் சக்தி ஒரு விடை தந்தது. கச்சேரி மரபில் கடம் உபபக்கவாத்தியம். மிருதங்கத்துக்கும் பின்னர் வைத்தெண்ணப்படுவது. சக்தியிலோ விநாயக்ராமின் மட்பானை, வயலினும் கிற்றாரும் பேசிய அதே உரிமையோடு பேசிற்று. தாளக்கருவிகளிடையே நிகழும் குறைப்பு என்னும் பகுதி இங்கு கருதத்தக்கது. ஒருவர் நீண்டதொரு கணக்கை வாசிப்பார். மற்றவர் அதே அளவில் விடையிறுப்பார். பின்னர் இருவரும் தத்தம் பங்கைப் பாதியாக்குவர், அதனையும் பாதியாக்குவர். பங்குகள் சுருங்கச் சுருங்க இருவரும் நெருங்கி, இறுதியில் ஒருங்கே வாசிப்பர். ஜாஸ் இசையிலும் நான்கு நான்கு அளவுகளாக மாறிமாறி வாசிக்கும் வழக்கம் உண்டு. இருவரும் சமமாகக் குறைத்துக்கொள்ளும்பொழுதே சந்திப்பு நிகழும். ஒருவர் மட்டும் குறைத்துக்கொண்டே போனால் அது சந்திப்பன்று, சரணாகதி.

எனினும் சக்தியை இலட்சியமாக்கி வணங்கவேண்டியதில்லை. முதல் இசைத்தட்டின் அட்டை குழுவின் பெயரோடு மக்லாலினின் பெயரை மட்டுமே தனித்துப் பொறித்தது. மேடையில் நிலவிய சமத்துவத்தைச் சந்தையால் தாங்க முடியவில்லை. நம் கச்சேரி மரபும் இவ்விடயத்தில் தூயதன்று. பெண் பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிக்க ஆண் வித்துவான்கள் பலர் நெடுங்காலம் மறுத்துவந்தனர். தாளம் ஒன்றாக இருந்தும் அமரும் இடம் ஒன்றாக இருக்கவில்லை. கலையின் உள்ளே காணப்படும் நீதி, கலைக்கு வெளியேயுள்ள அநீதியைத் தானாக நீக்கிவிடுவதில்லை.

4

இவை யாவும் தொலைவிலுள்ள செல்வரின் கலை பற்றியன என்று கருதுவோர் இருக்கலாம். கூடி இசைத்தலின் ஒழுக்கம் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலுக்கு இசைத்த கருவிகள் குழல், யாழ், தண்ணுமை, முழவு என ஒன்று மற்றொன்றை அடியொற்றிச் சென்ற முறையை விரித்துரைக்கின்றது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு வளர்ந்த முல்லைத்தீவின் கோவலன் கூத்திலும் இதே ஒழுக்கம் உண்டு. ஆடுபவர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். அவர்கள் வாங்கிப் பாடும் வேளையிலேதான் ஆடுபவர் மூச்சு வாங்குவதும் அடுத்த அடியை நினைந்துகொள்வதும் இயலும். அரங்கின் ஒளியில் நில்லாத அவர்களுடைய குரலே விடியும்வரை கூத்தைத் தாங்குவது.

இதனினும் அண்மையான ஒப்புமையொன்றை எங்கள் மல்லாவியின் வயல்வெளி தருகின்றது. பாலியாற்றை மறித்த வவுனிக்குளம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே புனரமைக்கப்பட்டு எங்கள் பகுதிக்கு நீர் தருவது. காலபோகத்தில் மழை உண்டு. ஆகவே ஒழுக்கத்துக்குப் பெரிய சோதனை இல்லை. சோதனை சிறுபோகத்திலேதான். குளத்தில் எஞ்சிய நீரைக் கணித்து, கமக்காரர் கூட்டங்கூடி, விதைக்கும் பங்கைத் தீர்மானிப்பர். வாய்க்காலில் முறைவைத்து நீர் விடப்படும். தலைவாய்க்காலில் வயலுள்ளவன் இரவில் மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்தினாற் போதும், கடைவாய்க்காலில் உள்ளவனுடைய பயிர் வாடிவிடும். தன் முறையில் ஒருவன் எவ்வளவு திறமையாக நீர் பாய்ச்சுகின்றான் என்பது கமத்தொழில். பிறர் முறையில் அவன் என்ன செய்கின்றான் என்பதே ஒழுக்கம்.

தந்திக்குழுவிலும் தலைவாய்க்கால்காரர் உளர். ஒலி வலிமைமிக்க கருவியை உடையவர், புகழ் பெற்றவர், விரைந்து வாசிக்க வல்லவர் ஆகியோர் அவர்கள். அவர்கள் கொத்தினால் மெல்லிய குரலுடையவன் வாடுவான். நீரைப் பகிர்ந்தால் குறையும், இசை குறையாதே என்று வாதிக்கலாம். இசை குறையாது, ஆனால் பொழுது குறையும். ஒரு மாலைப்பொழுதின் இரண்டு மணித்தியாலமும் ஒரு குளத்து நீரைப் போன்றதே. ஆகவே மனோதர்ம இசையின் ஒழுக்கத்தை அறிய விரும்புபவன், தனித்து வாசிப்பவனுடைய விரல்களை மட்டும் நோக்கலாகாது. அவ்வேளையில் ஏனையோர் என்ன செய்கின்றனர் என்பதனை நோக்க வேண்டும். 

5

இனி மிகக் கடினமான இடத்துக்கு வருவோம். பாடகர் கற்பனாசுரம் பாடுகின்றார். பல்லவியின் எடுப்புக்குத் திரும்பும்பொழுது அரை அட்சரம் தவறிவிடுகின்றார். மிருதங்க வித்துவான் அதனை அறிகின்றார். அவர் முன்னே மூன்று வழிகள் உள. தாளத்தை உரக்க அடித்துப் பாடகரின் தவறைச் சபைக்கு வெளிப்படுத்தலாம். அல்லது பாடகர் சென்ற வழியே தாமும் சென்று, தவறையே சரியென்று சபையை நம்பவைக்கலாம். அல்லது எடுப்பின் இடத்தைத் தெளிவாக உணர்த்தும் சொற்கட்டொன்றைப் பாடகரின் காதுக்கு மட்டும் எட்டுமாறு வாசித்து, அவரைத் திருப்பி அழைக்கலாம்.

முதல் வழி உண்மையானது; ஆனால் இரக்கமற்றது. இரண்டாவது நட்பைப்போலத் தோன்றுவது. ஆனால் அதில் மிருதங்கம் தாளத்துக்குத் துரோகமிழைக்கின்றது. நல்ல வித்துவான்கள் மூன்றாவதையே தேர்வர். அவர்களது கடப்பாடு தாளத்துக்கு. அவர்களது அன்பு பாடகருக்கு. தாளம் பாடகருடைய சொத்தும் அன்று, மிருதங்கக்காரருடைய சொத்தும் அன்று. அது அவர்கள் இருவருக்கும் பொதுவாய், இருவரையும் தாங்கி நிற்பது. அதற்கு உண்மையாக இருப்பவனே பாடகருக்கும் உண்மையாக இருக்க முடியும்.

தவறு என்பதன் இயல்பையும் இங்கு மாற்றி எண்ண வேண்டியுள்ளது. பியானோ கலைஞர் ஹேர்பி ஹன்கொக், தாம் மைல்ஸ் டேவிஸ் குழுவில் வாசித்தபொழுது ஒருமுறை முற்றிலும் பிழையான சுரக்கூட்டொன்றை வாசித்துவிட்டதைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கின்றார். டேவிஸ் கணப்பொழுது நின்றார். பின்னர், அப்பிழை பொருத்தமாகிவிடும் வண்ணம் தம் எக்காளத்தில் சில சுரங்களை வாசித்தார். ஹன்கொக் அதனைப் பிழையென்று தீர்ப்பளித்து வருந்தியிருந்தார். டேவிஸ் நிகழ்ந்துவிட்ட ஒன்றாகவே கருதி அதற்குப் பொறுப்பேற்றார். எழுதிவைத்த இசையில் பிழை நிகழ்ந்த கணத்திலேயே முடிந்துவிடும். மனோதர்ம இசையில் அது உடனிருப்போர் அடுத்துச் செய்வதைப் பொறுத்தே பொருள்பெறும்.

ஆயினும் எல்லாத் தவறுகளும் இவ்வாறு தாங்கத்தக்கன அல்ல. பிழையான சுரக்கூட்டை அழகாக்கலாம். தொலைந்த தாளத்தைத் தொலையவில்லை என்று பாசாங்கு செய்யலாகாது. எதனை ஏற்று அழகாக்குவது, எதனைத் திருத்துவது என்று பிரித்தறிதலே உடன் வாசிப்பவனுடைய விவேகம். பொதுவாழ்வில் நாம் பெரும்பாலும் இரண்டாம் வழியையே தேர்ந்திருக்கின்றோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். எம்மவர் என்பதற்காக, தலைவர் என்பதற்காக, ஆசிரியர் என்பதற்காக, தாளந்தவறிய இடத்திலும் கூடவே வாசித்துப் பழகிவிட்டோம். அவ்வாறு வாசிப்பதை விசுவாசம் என்று பெயரிட்டும் கொண்டோம்.

இதனைக் கூறும்பொழுது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தவறென்று அறிந்தும் வாய்திறக்க இயலாத காலங்கள் எங்கள் மண்ணிலே இருந்தன. ஒரு திசையிலிருந்து மட்டும் அச்சம் வந்ததும் இல்லை. அக்காலத்தில் மௌனமாய் இருந்தவனை, பாதுகாப்பான அறையொன்றிலிருந்து எழுதும் இன்றைய மாணவன் எளிதாகக் குற்றஞ்சாட்டலாகாது. ஆனால் இவ்வுண்மையிலிருந்து பெறவேண்டிய முடிவு வேறு. அச்சமற்ற அறையே இவ்வொழுக்கத்தின் முதல் நிபந்தனை. அஞ்சி நடுங்குபவனுடைய செவி ஆபத்தை மட்டுமே கேட்கும். அறை இசைக்கு வாத்தியங்களுக்கு முன்னர் அறை வேண்டும்.

6

இறுதியாக ஒரு மறுப்பு. மனோதர்மத்தை இவ்வளவு போற்றுவது, வன்னி மக்களின் துன்பத்துக்கு அழகிய பெயர் சூட்டுவதாகாதா? 1996 இல் கிளிநொச்சி பெயர்ந்து வந்தபொழுது மல்லாவியும் சுற்றுப்புறமும் மரநிழல்தோறும் குடும்பங்களால் நிறைந்தன. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத்திரியும் இட்டு விளக்கேற்றினர். பெற்றோல் சில துளிகளால் கிளப்பிய மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினர். 2008 இல் மல்லாவியே பெயர்ந்தது. ஐந்து வயதில் ட்ராக்டர் பெட்டியில் ஏறிச் சென்ற எனக்கு அப்பயணத்தின் தொடக்கம் மட்டும் நினைவிருக்கின்றது. முன்னெழுதிய ஏடு எதுவுமின்றி ஒவ்வொரு நாளையும் ஆக்கிக்கொண்டனர் என்பது உண்மை. ஆயினும் அதனைக் கலையோடு ஒப்பிடுதல் தகாது. கலைஞன் விரும்பினால் வாசிப்பதை நிறுத்தலாம். பெயர்ந்தவன் நிறுத்த இயலாது. தெரிவு இல்லாத இடத்தில் கற்பனைத்திறன் இருக்கலாம், சுதந்திரம் இல்லை. இவ்வேறுபாட்டை மழுப்புவது ஒழுக்கக்கேடு.

எனினும் அக்காலம் பற்றி என் தாயார் கூறிய ஒன்று இவ்வினாவை எண்ணும்போதெல்லாம் நினைவுக்கு வருகின்றது. மின்சாரம் இல்லை, மின்கலம் கிடைப்பதில்லை. வானொலி கேட்க விரும்பினால் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவின் மின்னைக் கொண்டே கேட்பார்களாம். சுற்றுபவரின் கை தளர்ந்தால் குரலும் தேயும். அவர் வேகத்தைக் காதால் அறிந்தே சுற்றுவார். வியர்த்துக் களைத்தபின் இன்னொருவர் வந்து மிதியைப் பற்றிக்கொள்வார். இடையில் பாட்டு அறுந்துபோகாதவாறு கைமாற வேண்டும். அதற்கும் ஒரு பயிற்சி உண்டென்று தாயார் கூறுவார்.

அம்முற்றத்தில் எவரும் எவருக்கும் கட்டளையிடவில்லை. சுற்றியவருக்கும் பாட்டுக் கேட்டது. அவருடைய முறை முடிந்து இருந்து கேட்கும் முறையும் வந்தது. கூட்டுவாசிப்பின் ஒழுக்கம் பற்றி மேலே வகுத்த மூன்று அளவுகோல்களும் அங்கு நிறைவெய்தின. முற்றுகை அவர்களுடைய தெரிவு அன்று. மிதியைப் பற்றியது அவர்களுடைய தெரிவு. நெருக்கடிக்குள்ளும் சுதந்திரம் எஞ்சியிருந்த இடம் அதுவே.

இன்று மின்சாரம் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் காதில் தத்தமக்குரிய பாட்டைக் கேட்கும் வசதியும் உண்டு. பல்கலைக்கழகத்தின் கருத்தரங்குகளில் நாம் எழுதிக்கொண்டு வந்ததை வாசித்துவிட்டு, அடுத்தவர் வாசிக்கும்பொழுது நமது தாள்களை அடுக்கத் தொடங்குகின்றோம். குற்றம் சிறிது, ஆயினும் சமுதாயங்கள் செவிடாவது இத்தகைய சிறு குற்றங்களால்தான். சாகிர் உசைன் 2024 திசெம்பரில் மறைந்தபொழுது பலரும் அவருடைய விரல்களின் வேகத்தை வியந்தெழுதினர். அவர் வாசித்த காணொளிகளில் என்னைக் கவர்ந்தது வேறு. பிறர் வாசிக்கும்பொழுது அவருடைய முகம் முழுவதும் அவர்பக்கமே திரும்பியிருக்கும். அடுத்த சுரம் எதுவென்று அறியும் ஆவல் அதில் தெரியும்.

சுதந்திரத்தை நாம் வழக்கமாக ஒருவனுடைய நாவில் தேடுகின்றோம். அவன் பேசும்பொழுது உடனிருப்போரின் செவியிலும் கையிலுமே அது உண்மையில் தங்கியுள்ளது. தாளத்தை விடாது பிடித்தல், தவறியவனை அவமதியாது திருப்புதல், தன் கருவியைச் சிறிது குடைந்துகொள்ளுதல், முறை வந்தபொழுது அஞ்சாது வாசித்தல், முறை முடிந்தபொழுது மிதியை அடுத்தவரிடம் அறுபடாது கையளித்தல் ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளும் சமுதாயமே இருவர் ஒரே நேரத்தில் சுதந்திரமாக இருத்தல் கூடும் என்பதை நிறுவ வல்லது. அதற்குரிய அறைகளை எங்கேனும் ஓரிடத்தில் தொடங்கவேண்டுமாயின், பல்கலைக்கழகத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறு இருத்தல் அரிது.